எந்த பல்பில் தெரிகிறது?

1

இந்தக் கதை எனக்கு ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் கிடைத்தது. நான் ப்ளக் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் பையிலிருந்து மூன்று பல்புகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எது எரியல?" என்றார் கடைக்காரர்.

"எல்லாமே எரியுது. அதான் பிரச்சனை."

அவ்வளவுதான் நான் கேட்டது. அவர் சட்டையில் கிரீஸ் கறை, முதுகில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் பெயர். மற்றதெல்லாம் நான் கட்டியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கண்ணை மூடிக்கொண்டால்தான் சில விஷயங்கள்—" அடித்துவிட்டேன். பார்வை மங்கியவரைப் பற்றிய கதையை இப்படித் தொடங்குகிற ஆளை நானே நம்பமாட்டேன். நேராகவே சொல்கிறேன்.

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி தையல்காரம்மா. அவருக்கு நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. யாரை நேராகப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அழுக்குத் திட்டு. டாக்டர் கையை விரித்துவிட்டார். தையல் மெஷினுக்கு உறை போட்டாயிற்று. அந்தச் சமயம் பார்த்து, வெளிநாட்டிலிருக்கும் மகள் தன் குழந்தை நடை பழகும் வீடியோவை அனுப்பினாள். போனில் அந்தம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"சுவர் பூரா வந்தா தெரியும்ல?" என்றார் மெக்கானிக்.

பழைய மானிட்டரைப் பிரித்து, கண்ணாடித் திரையை மட்டும் உருவி மரப்பெட்டிக்குள் நிறுத்தினார். முன்னால் பெரிய லென்ஸ். போனிலிருந்து வயர் கொடுத்தால் திரையில் படம் வரும். அதைச் சுவருக்குத் தள்ள, பின்னால் ஒரு விளக்கு வேண்டும். எந்த விளக்கு?

முதலில் ஹாலஜன். மஞ்சளாக, இதமாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்பு மாதிரி கொதித்தது. கொஞ்ச நேரத்தில் திரையின் நடுப்பகுதி கறுத்து, ஓரத்தில் மட்டும் படம் நின்றது. அணைத்து ஆறவிட்டால் திரும்ப வந்தது.

[நடுவில் கறுப்பு, ஓரத்தில் படம். அந்தம்மாவின் கண்ணும் அப்படித்தானே என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் சூட்டில் திரை அப்படித்தான் கறுக்கும். நான் ஜோடிக்கவில்லை.]

அடுத்தது எல்.இ.டி. சூடு குறைவு, ஆனால் பேத்தியின் முகம் நீலம் பாரித்துப் போனது. அப்புறம் விளையாட்டு மைதானங்களில் போடுகிற மெட்டல் ஹாலைடு. எரிந்து பிரகாசம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஏறிவிட்டால் சுவரே பற்றிக்கொண்ட மாதிரி இருக்கும்.

மூன்றுக்கும் தையல்காரம்மா ஒரே பதில்தான் சொன்னார். "நல்லா தெரியுதுங்க."

3

அங்கேதான் மெக்கானிக்குக்கு உறுத்தியது. பட்டன் ஒரு நூல் தள்ளி நின்றாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறவள், எல்லா விளக்கையும் எப்படி நல்லா இருக்கு என்கிறாள்?

வெளிச்சம் போதவில்லையோ என்று மூன்றையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். நான் அவரைப் பார்த்தது அப்போதுதான். "இதுக்கு மேல வேணும்னா சூரியனைத்தான் கழட்டணும்" என்று சொல்லிக் கடைக்காரர் அனுப்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

(மனைவியை எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற அப்பாவியாக ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அவர் என்னையும் சேர்த்து ஏமாற்றுகிறார் என்று பட்டது. அப்பாவிக்கு இவ்வளவு சீராகப் பொய் வராது.)

4

ஒரு மத்தியானம் ஜன்னலை மறைத்துவிட்டு மெட்டல் ஹாலைடைப் போட்டார். பேத்தி வீடியோவுக்குப் பதில், வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒன்றைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார். லிஃப்ட் குழிக்குள் எண்ணெய் வழியும் சக்கரம் ஒன்று சுற்றுகிறது.

தையல்காரம்மா சுவரைப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க, விழுந்து விழுந்து எந்திரிக்குது. வாலு."

மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏன் பேசாம இருக்கீங்க?" என்றவரின் குரல் சட்டென்று இறங்கியது. "வேற எதையோ போட்டிருக்கீங்க."

"எப்படித் தெரியும்?"

"பாப்பா வந்தா நீங்க சிரிப்பீங்க. விழுந்தா 'அடடா'ம்பீங்க. அத வெச்சுத்தான் நான் பாக்கறேன்."

"அப்ப இத்தனை நாளா நீ—"

"என்னைச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

சூட்டைத் தணிக்கப் பெட்டிக்குள் வைத்திருந்த விசிறி இரைந்தது. [இங்கே மெக்கானிக்கை அழவைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். பிடிபட்டது மனைவி, ஆனால் கூசிப்போய் நின்றது அவர். அது போதும்.]

"பெட்டியைக் கட்டறப்ப உங்க முகத்துல... இல்ல, குரல்ல ஒரு சந்தோஷம் இருந்துச்சு. அத எதுக்குக் கெடுக்கணும்?"

"ஒண்ணுலகூடவா தெரியல? உண்மையச் சொல்லும்மா."

"மொதல்ல போட்டீங்களே, சூடா. அதுல மட்டும் ஓரமா ஏதோ ஆடுச்சு. மத்ததெல்லாம் கண்ணு கூசுது, அவ்வளவுதான்."

5

உண்மையா, ஆறுதலா? மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. இருந்தாலும் ஹாலஜனை மாட்டி, இன்னொரு விசிறியும் வைத்தார். சுவர் கடைக்கண்ணில் விழுகிற மாதிரி மனைவியின் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். பேத்தியை ஓடவிட்டுவிட்டு, இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

தையல்காரம்மா முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தார். பிறகு, "சட்டை சிவப்பா?" என்றார்.

சிவப்புதான்.

மெக்கானிக்கின் நெஞ்சு துள்ளியது. மறுகணமே அந்தப் பாழாய்ப்போன உறுத்தல். அம்மாவும் மகளும் தினம் போனில் பேசுகிறவர்கள். சட்டையைப் பற்றி மகள் சொல்லியிருக்கமாட்டாளா? ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் படம் ஓடுவதும் அதே போனிலிருந்துதான். வயரைப் பிடுங்கினால் வெறும் சுவர்தான் மிஞ்சும்.

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மகள், "ஆமாப்பா, சொன்னேன்" என்கிறாள். இன்னொன்றில், "எந்தச் சட்டை?" என்கிறாள். மூன்றாவதில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு... சீச்சீ. மூன்றையும் கிழித்துப் போட்டேன். மகள் எதைச் சொன்னாலும் இந்த மனுஷர் நம்புவார் என்று எனக்கு நிச்சயமில்லை.

இப்போது அவர் விரல் வயரின்மேல் இருக்கிறது.

"ஏங்க, நின்னுட்டே இருக்கீங்களா? நீங்களும் உக்காந்து பாருங்களேன்."

பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நான் இங்கே எழுந்துகொள்கிறேன். வயரைப் பிடுங்க வைப்பதோ, அவரை உட்கார வைப்பதோ இனி நீங்கள் செய்ய வேண்டியது.