ஒன்றரை மணிக்கு விடிந்த வீடு

தையல்காரர் வீட்டுச் சேவல் இரவு ஒன்றரை மணிக்குக் கூவியதும், தெருவில் மற்ற எல்லோரும் இருட்டில் தூங்கிக்கொண்டிருக்க, அந்த வீட்டுக்கு மட்டும் பொழுது விடிந்தது. கூரைக்கு மேல் ஒரு முறம் அளவுக்குச் சூரியன் வந்து நின்றது. வெயில் வாசற்படியோடு முடிந்தது. அதற்கு அப்பால் கும்மிருட்டு. உள்ளே முழுதாக ஒரு பகல் நடந்தது. எழுந்தார்கள், பல் துலக்கினார்கள், மூன்று வேளை சாப்பிட்டார்கள், அந்தி சாய்ந்ததும் படுத்தார்கள். வெளியே இருந்த கடிகாரங்களில் அப்போது மணி ஒன்றே முக்கால். பிறகு ஊரோடு சேர்ந்து அவர்களுக்கு இன்னொரு முறை விடிந்தது. அந்தச் சேவல் விலைக்கு வந்ததுமில்லை. இரண்டு பெட்டைக் கோழிகளுக்குத் தையல்காரர் அரை மணி நேரம் பேரம் பேசியதில் நொந்துபோன கோழிக்காரர், "இதையும் பிடிச்சுக்கிட்டு இடத்தைக் காலி பண்ணுங்கண்ணே" என்று கையில் திணித்தது. கொசுறைத் தட்டிப் பார்த்து வாங்கும் பழக்கம் எந்தச் சந்தையிலும் கிடையாது.

முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாம் வாரம் தையல்காரருக்குப் புத்தி வேலை செய்தது. அந்தி மசங்கும் நேரத்தில் அளவு கொடுத்தால் காலையில் சட்டை தயார் என்று பலகை எழுதி மாட்டினார். மூன்று தெரு தள்ளியிருந்தவர்களும் துணியோடு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. "ஓசியில கிடைச்ச பகல்லதானே தைக்கிறீங்க, கூலியில கொஞ்சம் குறைச்சாத்தான் என்ன?" என்று கேட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஈரப் போர்வைகளை ஒன்றரைக்குக் கொண்டுவந்து, படிக்கு வெளியே நின்றபடியே உள்ளே கொடியில் வீசிப்போட்டு, ஒன்றே முக்காலுக்கு மொறமொறவென்று மடித்து எடுத்துப்போனாள். கேட்டால், "வெயிலுக்கு யாரும் பட்டா வாங்கி வெச்சிருக்காங்களா?" என்றாள். சேவல் சத்தம் தாங்காமல் ஒருநாள் சண்டைக்கு வந்த கறிக்கடைக்காரர், வாசற்படி தாண்டி உள்ளே வைத்த காலை அந்திவரை வெளியே எடுக்க முடியாமல், மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் ஒருநாள் தாடியோடு திரும்பியவரிடம் அவர் மனைவி இன்றுவரை கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த லாபத்தில் எல்லோரும் பங்கு கேட்டார்களே தவிர, அதற்கு முதல் போட்டது யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. தையல்காரரின் மனைவி நாளொன்றுக்கு ஆறு வேளை அடுப்பு மூட்டினாள். அவர்களுடைய ஒரே மகளுக்கு அந்த உபரிப் பகலில் விளையாட ஆள் இல்லை. சிநேகிதிகள் எல்லோரும் இருட்டுக்கு அந்தப் பக்கம் தூங்கினார்கள். அவள் சேவலோடு பேசிப் பொழுதைப் போக்கினாள். சேவல் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. வளரும் பிள்ளை என்று, பள்ளிப் பாவாடையில் இரண்டு வருடத்துக்குத் தாங்கும்படி அடிமடிப்பு விட்டுத் தைத்திருந்தார் அப்பா. ஒரே வருடத்தில் மடிப்பு தீர்ந்துவிட்டது. அளவு நாடாவை மூன்று தடவை வைத்துப் பார்த்தும் அது ஒரே கணக்கைச் சொன்னது: பெண்ணுக்கு ஒன்பது. நாடா பழசாகி நீண்டிருக்கும் என்று சொல்லித் தையல்காரர் புது நாடா வாங்கினார். அதற்குள், அதுவரை 'வாடி போடி' என்று பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சிறுமி, ஒருநாள் வாய் தவறாமலே அவளை 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டாள். பெண் வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பதினோரு கோட்டு பாக்கி இருக்கு" என்றார் தையல்காரர், யாரும் கேட்காமலே.

"கோட்டு கிடக்கட்டும்" என்றாள் மனைவி. "உங்க கத்திரியால இவ வயசுல ஒரு வருசத்தை வெட்டிக் குறைச்சுக் காட்டுங்க, நானும் பாக்குறேன். இப்படியே போனா தன் சிநேகிதிகளுக்கு முன்னாடி இவ கிழவியாயிடுவாளா, இல்ல நாம மூணு பேருமா சேர்ந்தே ஊருக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுவோமா?"

கறிக்கடைக்காரர் தம்மிடம் ஒரு வழி இருப்பதாகவும், அதற்குக் கூலி வேண்டாம், ஒரு தொடை போதும் என்றும் சொல்லி அனுப்பினார். பெண் கூண்டை விட்டு நகரவில்லை. தாய்க்கு வேறொரு பயமும் இருந்தது. பகலைத் திறந்துவிடுகிறவனை அறுத்துவிட்டால் அப்புறம் அதை மூடுவது யார்? சேவல் இருட்டுக்குப் பயந்துதான் கூவுகிறது என்று தையல்காரர் முடிவு கட்டினார். வெட்டும் மேசைக்கு மேல், கூண்டைப் பார்த்த ஜன்னலோரமாக, இரவு வேலைக்கென்று சேவல் வந்த வாரமே ஒரு பெரிய பல்பு போட்டிருந்தார். இப்போது தைரியத்துக்காகக் கூண்டுக்குள்ளேயே இன்னொன்றைத் தொங்கவிட்டார். சேவல் அன்றிலிருந்து பதினோரு மணிக்கும் கூவியது. வீட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று பகல் ஆயிற்று. பெண்ணுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பல் விழுந்தன. மனைவி சேவலைக் கூடையில் போட்டு ஒரு கையிலும், புருஷனை மறு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார், கொண்டையை அழுத்திப் பார்த்தார். "இதுக்கு ஒண்ணும் இல்ல. ராத்திரி கூண்டு மேல வெளிச்சம் படுதா?"

"ரெண்டு பல்பு டாக்டர். பயப்படுதேன்னு நானே போட்டேன்."

"அப்ப மருந்து உங்களுக்குத்தான் எழுதணும். வெளிச்சத்தைக் கண்டா அது கூவும். பசிச்சா கூவும், பூனை வந்தா கூவும், இன்னொரு சேவல் கூவினாலும் பதில் சொல்லும். உங்க வீட்டுல விளக்குதான். அணைச்சுடுங்க. சாயங்காலம் வயிறு நிறையத் தீனி போடுங்க. கூண்டைச் சுத்தி கறுப்புத் துணி கட்டுங்க, அடியில காத்து போக வழி விடுங்க. மேல் பலகையைத் தாழ்த்திடுங்க. நின்னா இடிக்காம, ஆனா கழுத்தை எக்க முடியாத உயரம். கழுத்து எக்காம எந்தச் சேவலாலயும் நல்லாக் கூவ முடியாது."

"சூரியன் வர்றது, டாக்டர்?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க. என் படிப்பு கோழியோட முடிஞ்சுபோச்சு."

தையல்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முழுசா நிறுத்தாம, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் கூவுற மாதிரி ஏதாவது…"

"இது பேரம் பேசுற இடமா?" என்றாள் மனைவி. அவள் குரல் ஏறவில்லை. ஆனால் கூடையில் இருந்த சேவல்கூடத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் தையல்காரர் வாசல் பலகையைக் கழற்றினார். பதினோரு கோட்டுக்காரர்களிடமும் போய்த் தவணை கேட்டு, பதினோரு பேரிடமும் பேச்சு வாங்கினார். திரும்பி வந்து, சேவலை மகள் பிடித்துக்கொள்ள, நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், கழுத்து என்று நாடா வைத்து அளவெடுத்தார். கூண்டின் மேல் பலகையைத் தாழ்த்தினார். பதினோராவது கோட்டுக்கு வாங்கிவைத்திருந்த கெட்டிக் கறுப்புத் துணியை நான்கு மடிப்பாகப் போட்டுக் கூண்டுக்கு ஓர் உறை தைத்தார். அவர் வாழ்நாளில் ஒரே சாயங்காலத்தில் முடித்து, கூலியும் வாங்காமல் கொடுத்த உருப்படி அது ஒன்றுதான். சேவல் வயிறு முட்டத் தின்றுவிட்டு உள்ளே போனது. எட்டரைக்கு இரண்டு பல்புகளும் அணைந்தன.

பதினொன்று அடித்தது, ஒன்றுமில்லை. மனைவி கண்ணை மூடாமல் படுத்திருந்தாள். ஒன்றரை ஆகும்போது கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூண்டுக்குள் ஏதோ ஒருமுறை கனைத்தது, அவ்வளவுதான். ஒன்றே முக்கால் ஆனபோதும் இருட்டாகவே இருந்தது. அப்படி ஓர் இருட்டை அவள் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெண் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

அந்த இரவைப் பற்றித் தெருக் காவல்காரர் சொன்னதில் யாரும் சந்தேகப்படவில்லை. சரியாக ஒன்றரைக்குச் சூரியன் வழக்கம்போல அந்தக் கூரைக்கு மேல் வந்திருக்கிறது. யாராவது கூப்பிடுவார்களா என்று, வெயிலை விரிக்காமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறது. பிறகு, கல்யாண வீடு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் படி ஏறிவிட்டவரைப் போல, சத்தம் போடாமல் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து பார்த்தது. நான்காம் நாளிலிருந்து அது காலை ஆறு மணிக்கு, எல்லோருக்குமாகச் சேர்த்து ஒருமுறை மட்டுமே வருகிறது.