கழுவி வைத்த குழி

ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் பின்னால் இருந்த வாயுத் தொட்டிக்கு ஒன்பது வருடமாகத் தீனி போட்டு வந்தவரை எல்லோரும் தொட்டிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். தட்டில் மிச்சமான சோறு, காய்த்தோல், கெட்டுப்போன பால் எல்லாவற்றையும் அரைத்துத் தண்ணீர் கலந்து குழியில் ஊற்றுவார். அங்கிருந்து அது நிலத்தடித் தொட்டிக்குப் போகும். உள்ளே இருக்கும் கிருமிகள் அதைத் தின்று செரித்து வாயுவை விடும். மேலே கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம் வாயு சேரச் சேர உயரும். இருநூறு பேருக்கு அந்த வாயுவில்தான் சமையல்.

கடைவாய்ப் பல் ஒன்று மூன்று மாதமாக அவர் உயிரை எடுத்தது. பிடுங்கிக்கொள்ள இரண்டு நாள் விடுப்பு வேண்டும், அதுவரை தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஆள் இருந்தது. மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஐம்பதைத் தொடப் போகிறவர். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் துப்புரவு சூப்பர்வைசர். கட்டடம் கைமாறியதும் அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் தங்கை வீட்டில் இருந்துகொண்டு, தங்கை பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினார். ஒருநாள் அவள் துடைப்பத்தைப் பிடுங்கிப் புருஷன் கையில் கொடுத்து, இவருக்கு வேலை வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் இரண்டு பேரும் வெளியே போங்கள் என்றாள். காலில் விழாத குறையாகக் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் கேட்டு வாங்கிய உதவியாள் வேலை இது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. இன்னும் பதினைந்து நாள் பாக்கி.

எத்தனை வாளி, எவ்வளவு தண்ணீர், எலும்பு ஏன் கூடாது, வால்வை எப்போது திறப்பது என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் தொட்டிக்காரர் பல் பிடுங்கப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் வீங்கிய கன்னத்தோடு வந்தவர் குழியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒன்பது வருடப் பாசியும் பிசுக்கும் போன இடம் தெரியவில்லை. குழியின் சிமென்ட்டுக்கு ஒரு நிறம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தது. தேய்த்த சட்டையில் மச்சான் பக்கத்தில் நின்றார், பரிசு வாங்க வந்தவர் மாதிரி.

"எவ்வளவு ஊத்தினீங்க மச்சான்?"

"அஞ்சு லிட்டர் கேன் ரெண்டு. கூடவே பிளீச்சிங் பவுடர். சும்மா சொல்லக் கூடாது மாப்பிள்ளை, அழுக்கு என்கிட்டயே மல்லுக்கு நின்னுது."

கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்க வேண்டியதில்லை. குழிக்கு ஒரே வழிதான்.

திட்ட வாயெடுத்தார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம், திட்ட முடியாது. அதை எடுப்பதற்குள் யோசனை முந்திக்கொண்டது. கிருமியைக் கொல்ல விற்கும் சாமானைக் கிருமியை வளர்க்கும் இடத்தில் ஊற்றக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. இந்தக் குழியைக் கழுவ ஒரு மனிதனுக்குத் தோன்றும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

"நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார்.

நீலமாக எரிய வேண்டிய அடுப்பு மத்தியானம் மஞ்சளாக எரிந்தது. மறுநாள் டிரம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. தலைமைச் சமையல்காரம்மா கரண்டியோடு வந்து, உன் பல்வலி தொட்டிக்கும் தொத்திக்கொண்டதா என்று கேட்டுவிட்டு, வாடகை சிலிண்டருக்கு ஆள் அனுப்பினாள். காலையில் வந்து விளக்கம் சொல்லும்படி கண்காணிப்பாளர் ஆளனுப்பினார்.

அன்று சாயங்காலம் தொட்டிக்காரர் மச்சானிடம் உண்மையைச் சொன்னார். மச்சான் டிரம்முக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"உள்ளே எத்தனை இருந்திருக்கும்?"

"எண்ண முடியாது."

"எல்லாம் செத்துப்போச்சா?"

"முக்கால்வாசி."

மச்சான் கீழே உட்கார்ந்தார். தேய்த்த சட்டையோடு அவர் தரையில் உட்கார்ந்து தொட்டிக்காரர் பார்த்ததில்லை. நாளைக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றார். வாயைத் திறந்தால் வேலை போகும், தங்கைக்கு நீங்களே பதில் சொல்லுங்கள் என்று அடக்கிவைத்தார் தொட்டிக்காரர்.

காலையில் கண்காணிப்பாளர் அறையில், தொட்டி பழசு, உள்ளே சுவர் விரிசல் விட்டிருக்கலாம் என்று தொட்டிக்காரர் இழுத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். வேண்டியதற்கு மேலேயே சொல்லிவிட்டார். கண்காணிப்பாளருக்கு அது வசதியாகப் போயிற்று. பழசென்றால் எதற்கு வைத்துக்கொண்டு மாரடிப்பது, மண்ணைக் கொட்டி மூடிவிடலாம், வண்டி நிறுத்த இடமாகும் என்று பேனாவை எடுத்தார். தொட்டிக்காரருக்குப் பின்னால் நின்றிருந்த மச்சான் முன்னால் வந்தார்.

"தொட்டி மேல தப்பில்லை சார்" என்றார் மச்சான். "நான்தான் பினாயில் போட்டுக் கழுவினேன்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லாக் கழுவினேன்" என்றார்.

அப்படியானால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் கண்காணிப்பாளர். வேறு ஆள் போட்டுக்கொள்ளலாமாம்.

சிலிண்டர் சீட்டில் கையெழுத்து வாங்க வந்திருந்த சமையல்காரம்மா கதவோரம் நின்றிருந்தாள்.

"புதுசா ஒருத்தன் வந்தா அவனும் ஒரு தடவை கொன்னுதான் சார் கத்துக்குவான். இவர் கொன்னு முடிச்சிட்டார்."

கஷ்டப்பட்டவளே இப்படிச் சொன்ன பிறகு கண்காணிப்பாளருக்கு வாதாட வழியில்லை. இரண்டு வாரம் கொடுத்தார். அதற்குள் அடுப்பு எரியாவிட்டால் தொட்டியும் இல்லை, மச்சானும் இல்லை.

தொட்டிக்குள் இருந்த கழிவுக் குழம்பில் பாதியை இறைத்துக் கொட்டினார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த பால்பண்ணையிலிருந்து மச்சான் தள்ளுவண்டியில் சாணம் கொண்டுவந்தார். தொட்டிக்கு வேண்டிய அதே கிருமிகள் சாணத்திலும் உண்டு. ஒரு நாளைக்கு நாற்பது வாளி. சாணத்துக்கு எதற்கு இவ்வளவு அவசரம் என்று பால்காரர் கேட்டதற்கு, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாராம். சாணத்தைக் கரைத்து, புளிப்பு முறியக் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். தினம் காலையில் டிரம்மின் விளிம்பில் விரல் வைத்து அளந்தார்கள். ஒன்பது நாள் ஒன்றுமில்லை. ராத்திரி தங்கை சோறு போட்டால் மச்சான் பாதியில் எழுந்து தட்டைத் தானே கழுவி வைத்தார்.

பதினோராம் நாள் டிரம் நான்கு விரல் எழும்பியிருந்தது. சமையல்காரம்மா சின்ன அடுப்பைப் பற்றவைத்தாள். துப்பியது, அணைந்தது. மறுபடி பற்றவைத்ததும் நின்று எரிந்தது. ஓரமெல்லாம் மஞ்சள்தான், நடுவில் நீலம். அவள் ஒரு பாத்திரம் தண்ணீரை மேலே வைத்தாள்.

மச்சான் அடுப்புப் பக்கம் வரவில்லை. குழியோரம் கழிவு வாளியோடு நின்றார்.

"இப்போ பசிக்குமா மாப்பிள்ளை அதுக்கு?"

"பசிக்கும். ஆனா அரை வாளிதான். வயித்துக்கு இன்னும் தெம்பு வரலை."

மச்சான் வாளியைச் சாய்த்துப் பாதியை ஊற்றினார். மீதியோடு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்று.