ஆதாரம் கேட்டவர்கள்

என் மகன் ஆல்வின் ஷார்ஜாவில் இருந்தான். அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஜும்மா முடிந்து மன்சூர் தன் பிரவுசிங் சென்டரைத் திறந்ததும் நானும் என் மனைவி ஆரோக்கியம்மாளும் போய் உட்கார்ந்துவிடுவோம். மன்சூர் ஹெட்போனை நீட்டி, "பேசுங்க சூசையண்ணே, தம்பி லைன்ல இருக்காப்ல" என்பான். ஒரே ஹெட்போனை மாறி மாறி மாட்டிக்கொண்டு பேசுவோம். இரண்டாயிரத்து ஆறில் சிக்குன்குனியா வரும்வரை அப்படித்தான்.

அந்த வருஷம் திண்டுக்கல்லில் நிமிர்ந்து நடந்த ஆளைப் பார்ப்பது அபூர்வம். காய்ச்சல் விட்டாலும் மூட்டுவலி விடவில்லை. கொசு டிரம்மில்தான் வளர்கிறது, தண்ணீரைக் கொட்டுங்கள் என்று முனிசிபாலிட்டிக்காரர்கள் வீடுவீடாக வந்தார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் எவன் கொட்டுவான்? ஆரோக்கியம் டிரம்முக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "வேணும்னா என்னையத் தூக்கிக் கொட்டுங்க" என்றாள். அவள் வாய் அப்படி. அடுத்த வாரமே படுத்தாள். காய்ச்சல், வலி, கடைசியில் நெஞ்சடைப்பு. போய்விட்டாள். ஆல்வினுக்குக் கம்பெனியில் லீவு தரவில்லை. அடக்கத்துக்கு அவன் வரவில்லை.

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், குளிப்பாட்டி முடிப்பதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரேறிவிடும். யார் முந்துகிறாரோ அவர் பெயர் அடியில் வரும். பக்கத்து வீட்டுப் பொம்மையன் முந்தினான். அவன் ஆளுங்கட்சி வார்டு செயலாளர். போஸ்டரில் ஆரோக்கியத்தின் முகம் கொய்யாக்காய் அளவு; கைகூப்பி நிற்கும் பொம்மையன் பூசணிக்காய் அளவு. சுற்றிலும் கட்சிக்கொடியின் நிறம். நான் எந்தக் கட்சியும் இல்லை. மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவனுக்குக் கரண்ட் ஒழுங்காக வந்தால் போதும். ஆனாலும் பொம்மையன் பாசத்தில் செய்தது. ஒட்டியது போக மிஞ்சியதில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். அவளுக்கு அதைவிட நல்ல படம் வேறு இல்லை.

அடக்கத்துக்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, பிள்ளையோடு சேர்ந்து அழலாம் என்றுதான் போனேன். அவனோ வேறு சூட்டில் இருந்தான்.

"அப்பா, நெட்ல ஒரு தமிழ் குரூப்பு இருக்கு. இந்தக் காய்ச்சல்ல ஒருத்தரும் சாகல, எல்லாம் எதிர்க்கட்சி கட்டிவிட்ட கதைன்னு எழுதுறானுங்க. நான் அம்மாவப் பத்தி எழுதிட்டேன். ஆதாரம் கேக்குறானுங்க. ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க."

"ஏலே, நான் அழுகுறது பத்தாதா?"

"அவனுங்களுக்குப் பத்தாதுப்பா."

வீட்டுக்குப் போய் அந்தப் போஸ்டரை எடுத்து வந்தேன். என்னிடம் வேறு என்ன இருக்கிறது? மன்சூர் அதைச் சுவரில் பிடித்துவைத்து டிஜிட்டல் கேமராவை எடுத்தான். "கீழ்ப்பக்கத்த மடிச்சுக்கிடவாண்ணே?" என்று கேட்டான்.

"முழுசா எடு. போஸ்டர் அடிச்சுக் குடுத்தவன் பேர மறைச்சா நல்லாவா இருக்கும்?" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்சூர் அந்த குரூப்பைத் திறந்து காட்டினான். ஆளுங்கட்சி ஆட்கள், 'நம் வார்டு செயலாளர் போஸ்டரை வைத்தே நமக்கு எதிராகப் புரளியா? இது போலி' என்று எழுதியிருந்தார்கள். அதுவரை ஆரோக்கியத்தை 'எங்கள் தாய்' என்று தூக்கி வைத்திருந்த எதிர்க்கட்சி ஆட்கள், 'போஸ்டரைப் பார்த்தீர்களா? நம்மை மாட்டிவிட ஆளுங்கட்சி அனுப்பிய ஆள் இவன்' என்று இறக்கிவிட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இதில் ஒருவன், இந்தம்மாவை ஏதோ ஒரு சீரியலில் மாமியாராகப் பார்த்திருக்கிறேன் என்று சத்தியம் செய்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் சொல்லத் திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை.

பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

ஹெட்போனை மாட்டினேன். ஆல்வின் எடுத்ததுமே ஆரம்பித்தான். "ஒத்த ஆளா ரெண்டு பக்கமும் சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன். பொம்மையன் பேர வெட்டிட்டு அனுப்பியிருக்கக் கூடாதாப்பா?"

"அத விடு அப்பு. சாப்டியா?"

"அப்படி ஒரு அம்மாவே கிடையாதுன்னு எழுதுறான்ப்பா ஒருத்தன்!"

அவன் குரல் உடைந்தது. அவனுக்கென்று நான் நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒன்றை அப்போதுதான் எடுத்தேன். யாரிடமும் சொல்லாதது அது.

"ஆல்வின், இதக் கேளு. கடைசியா அம்மா கண்ண முழிச்சு, 'தம்பி லைன்ல வந்துட்டானா? ஹெட்போன எங்கிட்டக் குடுங்க'ன்னா. நான் என் கையக் குவிச்சு அவ காதுல வச்சு, 'வந்துட்டான், பேசு'ன்னேன். 'சாப்டியா கண்ணு'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் அவ பேசல."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறான் என்று நினைத்தேன். அழட்டும், அவன் அழுதால் நானும் அழுவேன், வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடுவேன் என்று காத்திருந்தேன். பிறகு கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, இத அப்படியே எழுதுறேன். இதுக்கு மேல எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். மன்சூர் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னண்ணே, அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க? தம்பி இன்னும் லைன்லதான இருக்காப்ல?"

"இருக்கான் மன்சூரு. அவன் வேற ஆளுகளோட பேசிக்கிட்டு இருக்கான்" என்றேன்.