பத்தாவது நண்பர்

மனித குலம் எடுக்க வேண்டிய முடிவுகளிலேயே பாரதூரமானது, யாரை நண்பராக ஏற்பது என்பதுதான். பேரரசுகள் எழுந்ததும் விழுந்ததும் அதனால்தான். இந்த இரண்டு வாக்கியங்களையும் கண்ணாடிக்காரர் தன் இணைய நாட்குறிப்பில் தட்டி முடித்துத் தலையைச் சாய்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்கு வெளியே பெஞ்சில் ஒரு தையல்காரர், கண்ணில் சொட்டு மருந்து விட்டு, நாற்பது நிமிஷமாக இமையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது நிமிஷத்தில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கண்ணாடிக்காரர் டாக்டர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், கனத்த சட்டகம் ஒன்றை வந்தவர் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது அவர் வேலை. வெள்ளைக் கோட்டு அவராகத் தைத்துப் போட்டுக்கொண்டது. முதலாளி இரண்டு தடவை கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு அலுத்துப்போனார்.

நாட்குறிப்பு மன்றத்தில் அவர் பெயர் தொலைநோக்கி. மன்றம் என்பது ஊர் உலகத்தார் டைரி எழுதும் ஓர் இணையதளம். சில பக்கங்களை யாரும் படிக்கலாம். சில பக்கங்களைப் பூட்டி வைக்கலாம். நண்பராக ஏற்கப்பட்டவருக்கு மட்டும் திறக்கும். ஒருவரை நீக்கினால் இரண்டு பக்கமும் பூட்டு விழும். யாருக்கு யார் நண்பர் என்ற பட்டியல் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும். கல்யாண வீட்டில் முதல் வரிசை நாற்காலி மாதிரி, சண்டை முழுக்க அந்தப் பட்டியலுக்காகத்தான்.

அங்கே பெரிய தலை ஒன்று உண்டு. பெயர் ஆழ்கிணறு. ஆணா பெண்ணா தெரியாது. வெளியே தெரிகிற பக்கத்தில் ஒரே ஒரு அறிவிப்பு: 'பத்துப் பேருக்குக் குறைவான நண்பர்கள் உள்ளவரையே ஏற்பேன். கூட்டத்தில் நிற்பவருக்கு இங்கே இடமில்லை.' மற்றதெல்லாம் பூட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று மன்றமே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. உள்ளே போனவர்களோ வாயைத் திறப்பதில்லை. மேலும் கீழும் தலையை மட்டும் அசைப்பது போல எழுதுவார்கள்.

கண்ணாடிக்காரருக்கு அந்தப் பட்டியலில் தன் பெயர் ஏற வேண்டும். ஒரு வருஷமாகத் தூக்கத்தில்கூட அதே நினைப்பு. ஆனால் அவருக்கு முப்பத்து நான்கு நண்பர்கள்.

அதனால் அன்று களையெடுப்பு. இரண்டிரண்டு பேராக மனசுக்குள் நிறுத்தி, இவரா அவரா என்று வில்லை மாற்றுவது போலப் பார்த்தார். முழங்கால் வலியைப் பற்றியே எழுதும் ஓய்வுபெற்ற தபால்காரர் போனார். புதிதாகப் பிள்ளை பெற்ற ஒரு பெண், குழந்தை இரவில் எத்தனை தடவை அழுதது என்று கணக்கு எழுதுவதால் போனாள். மனைவியை இழந்த ஒருவர், 'இரண்டு வருஷமாகியும் அதே மனைவி' என்ற குறிப்போடு போனார். போனவர்களுக்கெல்லாம் ஒரே கடிதம்: 'அன்புள்ள முன்னாள் நண்பருக்கு, உங்கள் வாசிப்பு இன்னும் வளர வேண்டியிருக்கிறது. வாழ்த்துகள்.'

கடைசியில் பத்துப் பேர் மிஞ்சினார்கள். ஆறு பேர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாதவர்கள். மூன்று பேர் அவர் எழுத்தை ஆழ்ந்து ரசிப்பவர்கள்: வெண்மேகம், மாணவன் ஏழு, அயல்தேச வாசகி. பதிவு போட்ட ஐந்தாவது நிமிஷத்திலிருந்து மூவரின் பாராட்டும் வரிசையாக வந்து விழும், பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு வேளையில். பத்தாவது ஆள் டைம்கீப்பர்.

டைம்கீப்பர் அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை. பஸ் டிப்போவில் வண்டி வரும் நேரம் போகும் நேரம் பதிகிறவள். கட்டியவனோடு ஒத்துவராமல், பதினோரு மாசமாக இவர்கள் வீட்டுச் சின்ன அறையில் இருக்கிறாள். மன்றத்தை அவருக்குக் காட்டிக்கொடுத்ததே அவள்தான். அவர் எழுதிய இருநூற்றுச் சொச்சம் பதிவுகளுக்கும் பதில் எழுதியிருக்கிறாள். அதுதான் குறை. 'ஆகாயம் என்பது மனதின் கூரை' என்று அவர் எழுதியிருந்தால், 'அத்தான், நம்ம வீட்டுக் கூரையும் ஒழுகுது, முதல்ல அதைப் பாருங்க' என்று எழுதுவாள்.

இன்னும் ஒருவர் போக வேண்டும். டைம்கீப்பரா, மாணவன் ஏழா? கண்ணாடிக்காரர் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மாணவன்தான் தெளிவு.

உடனே ஆழ்கிணற்றின் வாசலில் போய் நின்றால் அலைகிற மாதிரி இருக்குமென்று விண்ணப்பத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். தையல்காரருக்குச் சொட்டு மருந்தின் வேகம் இறங்கிப்போயிருந்ததால் அவரையும் மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்.

காலையில் சாப்பாட்டு மேஜையில் மச்சினி யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"அத்தான், அன்புள்ள முன்னாள் நண்பருக்குன்னு ஒரு லெட்டர் வந்திருக்கு. எனக்கா அது?"

"பொதுவா எல்லாருக்கும் போனது" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டு.

"சரி. அந்தத் தண்ணி ஜாடியை இப்படித் தள்ளுங்க. முன்னாள் நண்பருக்கும் விக்கும்."

அவர் தள்ளினார். இது தனிமனித விஷயமில்லை, ரசனை சம்பந்தப்பட்டது என்று விளக்க ஆரம்பித்தார். வாசகர், நண்பர், உறவினர் என்று மூன்று வட்டங்கள் இருப்பதாகவும், அவள் மூன்றாவது வட்டத்தில் பத்திரமாக இருப்பதாகவும் சொன்னார். அவள் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பூட்டின பக்கமெல்லாம் நீங்க படிப்பீங்கதானே?"

"படிக்காம? எல்லாம் படிச்சேன்."

"போன மாசம் என்ன எழுதியிருந்தேன்?"

கண்ணாடிக்காரர் சற்று யோசித்தார். அவள் பக்கத்தை அவர் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. "ரொம்ப உணர்வுபூர்வமா இருந்துச்சு" என்றார்.

அவள் சிரித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆறு ஐம்பது வண்டி கிளம்பியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம், கடைப் பின்னறையில், கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் ஆழ்கிணற்றுக்கு விண்ணப்பம் அனுப்பினார். விரலை எடுப்பதற்குள் ஏற்கப்பட்டது. கண்கள் கலங்கிவிட்டன. இத்தனை நாளும் தனக்காகத்தான் காத்திருந்திருக்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே பூட்டிய பக்கத்தைத் திறந்தார்.

உள்ளே இருந்தது ஒரே ஒரு பதிவு. ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. 'இங்கே எதுவும் இல்லை. நானும் வருவதில்லை. பத்துக்குக் குறைவென்றால் கதவு தானாகத் திறக்கும்படி வைத்திருக்கிறேன். உள்ளே வர யார் யாரை விட்டீர்கள் என்று கீழே எழுதிவிட்டுப் போங்கள்.'

கீழே நானூறுக்கு மேல் பதில்கள். கல்லூரித் தோழனை விட்டவர்கள், தம்பியை விட்டவர்கள், எண்பது பேரை ஒரே நாளில் விட்டதாக மார்தட்டிக்கொண்டவர்கள். நகர்த்திக்கொண்டே போனார். பதினோரு மாசத்துக்கு முன்னால் டைம்கீப்பர் எழுதியிருந்தாள்: 'யாரையும் விடவில்லை. எனக்கு இருப்பதே ஒருவர்தான். சும்மா எட்டிப் பார்த்தேன், விலகிக்கொள்கிறேன்.'

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, தங்கச்சி பாதி வேலையில வந்து பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா. டிப்போ பக்கத்துல ரூம் எடுத்து ஒரு மாசமாச்சாம். இங்க பாரமா இருக்கோமோன்னு எடுத்தாளாம். யாராவது ஒருத்தர் இருன்னு சொன்னா இருந்துடலாம்னு போன மாசம் டைரியில எழுதி வெச்சிருந்தாளாம். அத்தானுக்குத் தெரியும், எல்லாம் படிச்சிருக்கார்ங்கிறா. உங்களுக்குத் தெரியுமா?"

படிக்கவில்லை என்று சொல்லலாம். தெரிந்தும் சொல்லவில்லை என்று சொல்லலாம். இதுவா அதுவா என்று கண்ணாடிக்காரர் இரண்டு வில்லைகளையும் மாற்றிப் பார்த்தார். முதலாவதில் ஆள் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

"தெரியும்" என்றார் நிதானமாக. "ஒருத்தங்க நம்பி எழுதினதை நான் வெளியில சொல்றதில்லை."

"நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு மனைவி போனை வைத்தாள்.

அவர் மச்சினியின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தார். 'நண்பர்களுக்கு மட்டும்' என்று வந்தது. அங்கே இப்போது நண்பர்கள் பட்டியல் காலியாக இருந்தது. ஒரு கடிதம் எழுதலாம் என்று தொடங்கி, 'அன்புள்ள' வரைக்கும் எழுதி, அதற்கு மேல் என்ன போடுவது என்று தெரியாமல் அழித்தார்.

பிறகு ஆழ்கிணற்றுக்கே திரும்பி வந்தார். வந்த இடத்தில் சும்மா போகக் கூடாதல்லவா? தான் விட்ட இருபத்தைந்து பேரையும் வரிசை எண் போட்டு எழுதினார். கடைசியாக டைம்கீப்பர். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இருமுறை சரிபார்த்தார்.

"உள்ள வரலாமா?" என்றார் திரைக்கு வெளியே தையல்காரர். இன்றும் மருந்து விட்டு ஒரு மணி நேரமாகியிருந்தது.

"கண்ணைத் திறக்காதீங்க. இன்னும் பிடிக்கலை" என்றார் கண்ணாடிக்காரர்.

தன் நாட்குறிப்பில் புதிய பதிவு ஒன்றைப் போட்டார். 'இன்று ஆழ்கிணற்றின் உள்ளே சென்று வந்தேன். அங்கே கண்டதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.' ஐந்தாவது நிமிஷத்தில் வெண்மேகத்தின் பாராட்டு வந்தது. ஆறாவது நிமிஷத்தில் மாணவன் ஏழு, தன் கண்கள் கலங்கிவிட்டதாக எழுதியிருந்தான். ஏழாவது நிமிஷத்தில் அயல்தேச வாசகி வணங்கியிருந்தாள். மற்ற ஆறு நண்பர்கள் மன்றத்துக்கு வந்தே இரண்டு வருஷம் ஆகிறது.

மூன்று பாராட்டுகளையும் எழுதியது கண்ணாடிக்காரர்தான்.