யாரும் தொடாத வயர்

மாதக்கணக்கில் என் அண்ணனும் என் கணவரும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். ஒரே ஷெட்டில் ஒரே மெஷினைச் செய்துகொண்டு இரண்டு ஆண்கள் எப்படிப் பேசாமல் இருக்க முடியும் என்று கேட்காதீர்கள். நடுவில் நான் ஒருத்தி கிடைத்தேனே, அது போதாதா? இவர் "உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்று ஆரம்பிப்பார். அண்ணன் கையெட்டும் தூரத்தில் ஸ்பேனரோடு நிற்பான். "கேட்டுச்சுன்னு சொல்லு" என்பான். நான் திரும்பி, "கேட்டுச்சாம்" என்பேன். வளர்ந்த மனுஷர்கள். ஒருவருக்கு முன்வழுக்கை, இன்னொருவருக்குச் சர்க்கரை வியாதி.

மெஷின் எனக்காகத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு எல்லோருக்கும் அது மறந்துபோனது. மரப்பலகையில் பூவேலை, கொடிவேலை செதுக்கும் சிஎன்சி மெஷின். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், சுழலும் கத்தியை மூன்று மோட்டார்கள் இடவலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்த்தி, அந்தப் படத்தை அப்படியே மரத்தில் வெட்டிவிடும். கடையில் வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். இவர் ஒரு கம்பெனியில் பேனல் வயரிங் செய்கிறார். இரும்பு அவன், வயர் இவர், வரைவதும் ஓட்டுவதும் நான் என்று பேச்சு. எங்களிடம் கார் கிடையாது, கார் ஷெட் மட்டும் இருந்தது. அதில் கிடந்த பழைய மெத்தையையும் உடைந்த சைக்கிளையும் எடைக்குப் போட்டுவிட்டு இடம் பண்ணினோம்.

அதற்கு முன்னால் நான் ஓர் அச்சகத்தில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தவர்களுடைய விசிட்டிங் கார்டையும் நோட்டீஸையும் வரைந்து வரைந்து, அந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், இந்தக் கலரைக் கொஞ்சம் எடுப்பாக வையுங்கள் என்று தோளுக்கு மேல் மூச்சுவிடுகிறவர்களுக்குத் தலையாட்டி அலுத்துப்போயிருந்தேன். அங்கே பில் புத்தகம் அடிக்க வந்த ஒரு ஃபர்னிச்சர்காரர், நான் சும்மா வரைந்து வைத்திருந்த ஒரு கொடியைப் பார்த்துவிட்டு, இதை நாற்காலி முதுகில் செதுக்கித் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஆர்டர் தருகிறேன் என்றார். அந்த வாரமே வேலையை விட்டேன். அவசரக்குடுக்கை என்றார் இவர். ஆமாம், அவசரம்தான். எனக்கென்று ஒரு வேலை, என் கைக்கு அடங்கிய ஒரு மெஷின், யார் மூச்சும் தோளில் படாத ஓர் இடம். இதற்கு நான் அவசரப்படாமல் வேறு யார் அவசரப்படுவார்கள்?

சண்டை வந்தது பிளாஸ்டிக் கேபிள் டையினால். மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோகும் தடித்த வயர் ஒன்று உண்டு. எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறோம் என்று மோட்டாரின் வால்பக்கத்திலிருந்து திருப்பிச் சொல்லும் மெல்லிய வயர் ஒன்று உண்டு, அதற்கு என்கோடர் வயர் என்று பெயர். அண்ணன் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, அடிக்கொரு டை போட்டு, பார்க்க லட்சணமாகக் கட்டிவைத்தான். ஆனால் இரண்டும் ஒட்டி ஓடினால் தடித்ததன் இரைச்சல் மெல்லியதில் ஏறிக்கொள்ளும், மோட்டார் உளற ஆரம்பிக்கும். இவர் வந்து பார்த்து அத்தனை டையையும் அறுத்துப்போட்டார். அறுத்ததோடு விட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, "வயர்னா கொடிக்கயிறுன்னு நெனச்சுட்டார் போல" என்று சொல்லித் தொலைத்தார்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். இனிமேல் அந்த வயர் டப்பாவில் கை வைத்தால் என்னைச் செருப்பால் அடி என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். நான் என்ன பாவம் செய்தேன், என்னிடம் வந்து சொல்கிறான். அதற்குப் பிறகு அவன் காலையில் பட்டறைக்குப் போகும் வழியில் வந்து இரும்பு வேலையைப் பார்ப்பான். இவர் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து வயர் வேலையைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக நிற்க நேரும், அன்றைக்கு எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

எல்லாம் முடியப்போகிற நேரத்தில் இடவல மோட்டார் மக்கர் பண்ணியது. ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் இருந்த இடத்தில் கம்மென்று நிற்க வேண்டும். இது ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடியது. காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. மோட்டாரை ஓட்டும் டிரைவ் என்கிற பெட்டி, என்கோடர் சொல்வதை நம்பித்தான் திருத்தும். வயர் தலைமாறியிருந்தால், மோட்டார் வலப்பக்கம் நகர்ந்ததை இடப்பக்கம் நகர்ந்ததாக நினைத்துக்கொள்ளும். திருத்துகிறேன் பேர்வழி என்று இன்னும் வலப்பக்கமே தள்ளும். தள்ளத் தள்ளத் தப்பு கூடும், தப்பு கூடக்கூட இன்னும் தள்ளும். வைத்தியம் சுலபம். மோட்டாரின் கரண்ட் வயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடலாம், இல்லாவிட்டால் என்கோடரின் சிக்னல் வயர் இரண்டை இடம் மாற்றிப் போடலாம். ஏதாவது ஒன்று. இவர்கள் பேச்சைச் சுமந்து சுமந்து எனக்கே இது மனப்பாடம் ஆகியிருந்தது.

அந்த மோட்டாரை அண்ணன், அதையும் அது சுற்றும் நீள ஸ்க்ரூ ராடையும் இணைக்கும் ஒரு கப்ளிங் மாட்டுவதற்காகக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தான். அதே வாரத்தில் இவர் என்கோடருக்குப் புதுக் கேபிள் போட்டிருந்தார். மோட்டாரை மாட்டிய மகராசன் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டியிருப்பார், போய்க் கேள் என்றார் இவர். புதுக் கேபிள் போட்ட மேதை எந்தக் கலருக்கு எந்தக் கலர் என்று பார்த்தாரா, போய்க் கேள் என்றான் அவன். நான் மகராசனையும் மேதையையும் வழியிலேயே உதறிவிட்டு, விஷயத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். என் பக்கம் சுத்தம் என்று இரண்டு பேரும் சாதித்தார்கள். மொத்தமே ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை. ஆனால் யார் மாற்றுகிறாரோ அவர் தப்புச் செய்தவர் ஆகிவிடுவார், அவ்வளவுதான் பிரச்சினை. நானே மாற்றிவிடுகிறேன் என்றேன். நீ கை வைத்தால் அப்புறம் எனக்குப் பொறுப்பில்லை என்று இரண்டு பேரும் வார்த்தைகூட மாறாமல் சொன்னார்கள். அந்த வயர் டப்பாவின், அதாவது பேனலின், சாவியை இவர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார்.

இப்படியே இழுத்துக்கொண்டிருந்தபோது ஃபர்னிச்சர்காரர், நாளைக்கு மத்தியானம் வந்து பார்க்கிறேன் என்று போன் பண்ணினார். சாயங்காலம் அவர் கடைக்குப் போய், செதுக்கிக் காட்டுவதற்கு அவர் கொடுத்த பலகையை வாங்கிக்கொண்டு வந்தேன். நான் திரும்பும்போது இவர் பேனலைப் பூட்டிக்கொண்டிருந்தார். சரிபண்ணிவிட்டீர்களா என்று கேட்டேன். நான் எதற்குத் தொட வேண்டும், என் பக்கம் என்ன தப்பு என்றார். பிறகு, நீ கடைக்காரரை வரச் சொல், ஓடும் என்றார். மறுநாள் காலை நான் அடுப்படியில் இருந்தபோது அண்ணன் ஷெட்டில் எதையோ உருட்டிவிட்டுக் கிளம்பினான். ஓடிப்போய் அவனிடமும் கேட்டேன். தொடவே இல்லை என்றான். பிறகு, பயப்படாமல் வரச் சொல் என்றான்.

யாரோ ஒருவர் மனம் இறங்கிச் சரிபண்ணிவிட்டார், கௌரவம் பார்த்து மறைக்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். யாராக இருந்தால் எனக்கென்ன என்று நிம்மதியாகத் தலைக்குக் குளித்தேன்.

ஃபர்னிச்சர்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். இவர் அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சாவியோடு வந்தபோது அவர் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தார், ஒருமுறை தனியாக ஓட்டிப் பார்க்க வழியில்லை. அண்ணனும் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வந்து ஷெட் வாசலில் நின்றான். பலகையை இறுக்கி வைத்தேன், கத்தி முனையை அதன்மேல் இறக்கி நிறுத்தினேன். இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு அடக்கமான சிரிப்பு. நாசமாய்ப் போன அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கே தைரியம் வந்தது. பச்சைப் பட்டனை அழுத்தினேன்.

கத்தியைத் தாங்கும் தலை முழு வேகத்தில் வலப்பக்கம் பாய்ந்தது. இப்படித் தறிகெட்டு ஓடினால் டிரைவ் தானாகவே அணைய வேண்டும். சும்மா சும்மா அணைகிறது என்று, எவ்வளவு விலகினால் அணைய வேண்டும் என்ற எல்லையை இவர் தளர்த்தி வைத்திருந்தார். நான் சிவப்புப் பட்டனில் அறைவதற்குள் அது கடைசித் தகட்டில் மோதி, தகட்டைப் பிய்த்து, நீள ஸ்க்ரூ ராடையும் வளைத்துவிட்டது. பலகையில் கத்தி இழுத்த கோடு ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் இருந்தது. ஃபர்னிச்சர்காரர் அந்த ஓரத்தில்தான் கையை ஊன்றிக்கொண்டிருந்தார். எப்படியோ இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையோட போயிருக்கும்மா" என்றார். பலகையைத் திருப்பிக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். என்னிடம் அல்ல.

"மாப்ள, நீங்க எதையாவது மாத்தினீங்களா?"

"என்கோடர் வயர மாத்தினேன் மச்சான். நேத்து சாயங்காலமே ஓட்டிப் பாத்துட்டேன், ஜம்முனு நின்னுச்சு."

"நான் காலைல மோட்டார்கிட்டயே அதோட கரண்ட் வயர மாத்திட்டேனே."

இரண்டையும் மாற்றினால் ஒன்றையுமே மாற்றாத மாதிரி. மறுபடி அதே தப்பு. என்மேல் உள்ள பாசத்தினால், காதும் காதும் வைத்தாற்போல், இரண்டு பேரும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஒருவருமே விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால்கூட, இன்னொரு நாள் வாருங்கள் என்று அவரிடம் சொல்லியிருப்பேன். அண்ணன் இவரைப் பார்த்தான், இவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. வளைந்த ராடுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிரித்து முடித்த பிறகு இவர் என் பக்கம் திரும்பினார். "நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எதச் சொல்ல? ரெண்டு பேரும் தொடலன்னுதானே சொன்னீங்க?"

"நாங்க சொல்லலன்னா என்ன, நீ வீட்லதானே இருக்க" என்றான் அண்ணன். "ஒரு பார்வை பாத்திருக்கக் கூடாதா?"

இவர் ஆமாம் மச்சான் என்றார். அவ்வளவு நாளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

அதற்குப் பிறகு அவர்களைப் பிரிக்க முடியவில்லை. அண்ணன் ராடு தேடி அலைந்தான், இவர் லீவு போட்டுவிட்டுக் கூடவே அலைந்தார். சாயங்காலமானால் ஷெட்டில் ஒரே மச்சான், மாப்ள. நான் காபி கொண்டுபோய் வைத்தால் பேச்சை நிறுத்தாமல் எடுத்துக்கொள்வார்கள். பட்டறையில் இடம் தாராளம், வீட்டில் மரத்தூசி ஆகாது, ஏதாவது கழன்றால் அங்கே உடனே சரிபண்ணலாம் என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்தார்கள். எல்லாமே நியாயமான காரணம்தான். மெஷினை ஏற்ற வாசலில் மினி லாரி வந்து நின்ற அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஃபர்னிச்சர்காரரை இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, ஆர்டரை வாங்கிவிட்டதும் அன்றைக்குத்தான் தெரியும். என் கொடி ஏற்கெனவே என் கம்ப்யூட்டரிலிருந்து பட்டறைக்குப் போயிருந்தது.

"இது என் மெஷின்" என்றேன்.

"யாரு இல்லன்னா?" என்றான் அண்ணன், போல்ட்டைக் கழற்றிக்கொண்டே. "நீ வரைஞ்சு மட்டும் குடு. ஓட்டறத நாங்க பாத்துக்கறோம். அன்னைக்குப் பாத்தல்ல, கை கிய் போயிடுச்சுன்னா?"

இவர், எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளேதானே, இதில் உன்னுது என்னுது என்ன என்றார். மெஷின் பட்டறைக்குப் போய்ச் சில நாள் கழித்து நான் ஃபர்னிச்சர்காரருக்குப் போன் பண்ணினேன். அவர் தன்மையாகத்தான் பேசினார். உங்கள் வீட்டு ஆண்கள் வந்து பொறுப்பு ஏற்றுக்கொண்டார்கள் அம்மா, அதனால்தான் நம்பிக் கொடுத்தேன் என்றார். நாற்காலி முதுகு நன்றாக வந்திருப்பதாகவும் சொன்னார்.

அச்சகத்தில் என் இடத்துக்கு இன்னும் ஆள் எடுத்திருக்கவில்லை. முதலாளி நல்ல மனுஷர், குத்திக்காட்டவில்லை. மெஷின் வேலை என்ன ஆயிற்று, வீட்டில் ஏதாவது சண்டையா என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். "வீட்ல எல்லாரும் சமாதானமாயிட்டாங்க."