கொடியின் அடிக்காய்கள்

வெர்னாவின் விரல்கள் கொடியின் மேலிருந்து பறித்துக்கொண்டே இறங்கி, முழங்கால் உயரத்தில் தாமாகவே நின்றுவிடும். ஊதா வரி ஓடிய பிஞ்சு பீன்ஸெல்லாம் கூடைக்குப் போகும். அடியில் தொங்கும் முதல் காய்கள் மட்டும் தப்பிக்கும். கென்டக்கி மலையில் பிறந்த எவளும் அடிக்காயில் கை வைக்க மாட்டாள். அது அடுத்த வருஷத்து விதை.

"ஏன்டி, உன் மாமியா கல்லறையிலேருந்து வந்து பறிப்பாளா அத?" என்றாள் பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த ஓப்பல்.

"வந்தாலும் வருவா. அவ பேரத்தானே விக்கிற பீன்ஸ் பெட்டியில ஒட்டியிருக்கானுங்க."

மாமியார் ஜெல்லா, வேலிக்கு மேலே கை நீட்டிக் கேட்டவர்களுக்கெல்லாம் அந்த விதையை அள்ளிக் கொடுத்தவள். விதைக்குக் காசு வாங்குவது அங்கே மானக்கேடு. பண்ணைக்காரன் ட்ராவிஸும் அப்படித்தான் வாங்கினான். வாங்கிய மற்றவர்கள் பிழைப்பு தேடி மலையை விட்டுப் போய்விட்டார்கள். வெர்னா வீட்டு விதை ஜாடி போன வருஷ வெள்ளத்தில் போனது. இப்போது அந்தக் கொடி ட்ராவிஸின் பண்ணையில் மட்டும்தான். அதில் அவள் கூலிக்குக் காய் பறிக்கிறாள்.

ட்ராவிஸ் வந்து குனிந்து பார்த்தான். கல்யாணமானவளானாலும் மூத்தவளை 'மிஸ்' என்பதுதான் அங்கே மரியாதை.

"மிஸ் வெர்னா, இதெல்லாம் முத்திப்போச்சே. ஓட்டல்காரங்க பென்சில் கனத்துக்கு மேல தொட மாட்டாங்க."

"விதைக்கு விட்டது தம்பி. ஒரு கைப்பிடி எனக்குக் குடு. நூல்ல கோத்து அடுப்புக்கு மேல தொங்கவிட்டா பத்து நாள்ல காஞ்சிடும்."

"குடுக்க ஆசதான். விதைக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனே. முளைக்கிற விதை ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது."

"எங்க வீட்டு விதைய யாரக் கேட்டுடா எழுதிக் குடுத்த?"

அவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கே பறிச்சிடுங்க, முத்த விட்டா கொடி மேல காய்க்காது. முடியாதுன்னா சொல்லுங்க, நாளைக்கு வேற ஆள வரச் சொல்றேன்."

வீட்டில் சுரங்கத் தூசி தின்ற நுரையீரலோடு புருஷன் படுத்திருந்தான். வெர்னா குனிந்து பறித்தாள். ஒவ்வொரு காயிலும் விதை புடைத்து, கட்டைவிரலுக்குத் தட்டுப்பட்டது.

சாயங்காலம் கொட்டகையில் அந்தக் காய்களை ட்ராவிஸ் தனியாக வாங்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்தவனுக்கு மனசு கேட்கவில்லை போலும்.

"இத விக்க முடியாது. நீங்களே கொண்டுபோய்ச் சாப்பிடுங்க."

அவளுக்கு நம்ப முடியவில்லை. நூல் எங்கே இருக்கிறது, எந்த ஆணியில் மாட்டுவது என்றுகூட நினைத்துவிட்டாள். "பன்னிக் கொழுப்பு போட்டு மூணு மணி நேரம் வேகவெச்சாத்தான் அவருக்கு பீன்ஸு" என்று அவசரமாகப் பொய் சொன்னாள்.

"பாதி வேலைய நானே முடிச்சித் தர்றேன்" என்றான் ட்ராவிஸ்.

பீன்ஸை ருசி பார்த்து வாங்க வருகிறவர்களுக்காக மூலையில் எப்போதும் ஒரு பானைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். காய்கள் முழுவதையும் அதில் கொட்டினான். ஜெல்லாவின் ஊதா வரிகள் ஒவ்வொன்றாக மறைந்து, ஐந்தே நிமிஷத்தில் எல்லாம் கடையில் விற்கும் சாதாரணப் பச்சையாகிவிட்டன. நீரை வடித்து, பையில் போட்டு, சூடு கையைச் சுடாமலிருக்கத் துணி சுற்றிக் கொடுத்தான்.

"அண்ணனக் கேட்டதாச் சொல்லுங்க, மிஸ் வெர்னா."