வாசலில் நின்ற இன்னொருவர்

காலை பத்து மணியிலிருந்து இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூலையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது, எழுந்தால் கை நகத்தைத் தேடியது. நாலு மணிக்கு டாக்டரம்மா முடிவு சொல்லிவிடுவார். மெஷினில் ரத்தக் குழாய் வைக்கிற ‘ரெண்டுகை’ அக்காவுக்கு இங்கே வேலை உண்டா, இல்லையா என்ற முடிவு. டாக்டரம்மா இந்தக் கூடத்தின் உரிமையாளர். அவர் மலை போல நம்புவது, கூடத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த இவளுடைய வாயைத்தான்.

வாயை இவள் மூன்று வாரத்துக்கு முன்பே திறந்தாயிற்று. ‘மென்பொருளில் கோளாறு இல்லை. கையாள்பவரின் கவனக்குறைவு’ என்று ஒரு மெயில் தட்டிவிட்டாள். அதுவும் டாக்டரம்மாவுக்கு மட்டுமா? கூடத்தில் வேலை செய்கிற பதினாலு பேருக்கும் போகிற மாதிரி. அன்றைக்கு இவளுக்கு அவ்வளவு தெம்பு.

விஷயம் இதுதான். யாராவது ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே காத்திருப்பார்கள். உள்ளே மெஷின் வேலையை முடித்துவிடும். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் அவர்கள் பெயருக்கு எதிரே ‘நடக்கிறது’ என்றே இருக்கும். மாலை வரை அப்படியே இருக்கும். ரிப்போர்ட் வராது. மறுநாள் அதே கையில் மறுபடி ஊசி. ஒரு வயதானவர் கத்தித் தீர்த்துவிட்டுப் போனார். இத்தனையும் அக்காவின் ஷிப்டில் மட்டும். காலை ஷிப்டில் இருக்கிற தம்பி பூ கட்டுகிற மாதிரி நிதானமாக வேலை பார்ப்பவன். அவன் ஷிப்டில் ஒன்றுகூட இப்படிப் பாதியில் தொங்கியதில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள், இவளும்தான்.

அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஒரே மாதிரி இரண்டு மெஷின்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அக்கா இடக்கையில் ஒரு குழாய், வலக்கையில் ஒரு குழாய் எடுத்து, இரண்டையும் ஒரே மூச்சில் வைத்து, இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்குவார். பத்தொன்பது வருஷப் பழக்கம். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காத்திருப்பு பாதியாகக் குறையும்.

மதியம் அக்கா ஷிப்டுக்கு வந்தார். இவளைத் திரும்பிப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார். இவளும் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள்.

இரண்டே முக்காலுக்கு இரண்டு மெஷினும் ஒன்றாகப் பீப் அடித்தன. திரையில் ஒரு வரி பச்சையானது. இன்னொன்று ‘நடக்கிறது’ என்று நின்றது. அக்கா எந்தத் தப்பும் செய்யவில்லை. இவள் கண்ணெதிரே நடந்தது.

இவள் கீபோர்டை இழுத்து, உள்ளே ஓடுகிற நிரல்களின் பட்டியலைத் திறந்தாள். திரையில் தெரிகிற ஜன்னல் ஒரு தாய் மாதிரி. ஒவ்வொரு ரத்தக் குழாய்க்கும் அது ஒரு குட்டி நிரலைப் பெற்று அனுப்பும். அந்தக் குட்டி, மெஷினிடம் போய் முடிவை வாங்கி வைத்துவிட்டு முடிந்துபோகும். முடிந்ததும் தாய்க்கு ஒரு மணி அடிக்கும். தாய் போய்ப் பெற்றுக்கொண்டால்தான் ரிப்போர்ட் வரும். திங்கட்கிழமை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்ட பிறகு சேர்ந்த பட்டியலில் நாலு குட்டிகள் கிடந்தன. நாலும் முடிந்தவை. நாலையும் தாய் வந்து பார்க்கவே இல்லை.

“அக்கா, திங்கக்கிழமையிலேருந்து எத்தனை தொங்கியிருக்கு?”

அக்கா திரும்பாமலே சொன்னார். “இதோட நாலு.”

பிறகு தன் நிரலைத் திறந்தாள். தான் எழுதிய எட்டு வரிதான். மணி அடித்ததும் கடைசியாகப் பிறந்த குட்டியிலிருந்து தேடு, முடிந்த ஒன்றைக் கண்டால் பெற்றுக்கொள், அதோடு நில். வேகத்துக்காக அப்படி எழுதியது. எழுதிய அன்று தன்னையே மெச்சிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

இரண்டு குட்டிகள் ஒரே கணத்தில் முடிந்தால் மணி ஒருமுறைதான் அடிக்கும். வீட்டில் காலிங் பெல் அடிக்கிறது. கதவைத் திறந்து, முதலில் தெரிந்த ஆளை உள்ளே இழுத்து, படாரென்று கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? பின்னால் நின்ற ஆள் வாசலிலேயே நிற்பார்; அடுத்த தடவை பெல் அடித்தாலும் புதிதாக வந்தவர்தான் முன்னால் தெரிவார். இது எந்த வீட்டிலும் நடக்காத கூத்து. இவள் எழுதிய வீட்டில் தினமும் நடந்திருக்கிறது. நிதானக்காரத் தம்பிக்கு இரண்டு ஒன்றாக முடியவே முடியாது. கெட்டிக்கார அக்காவுக்குத்தான் முடியும்.

அந்த மெயிலுக்கு முன்பே அக்கா போனில் சொன்னார். “ரெண்டும் ஒண்ணா முடியறப்பதாம்மா ஒண்ணு தொங்குது.” அதற்கு இவள், “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது காதில் கேட்டது. கூசியது.

திருத்துவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ‘நில்’ என்ற வரியை அடித்துவிட்டு, யாரும் மிச்சமில்லை என்று தெரியும் வரை தேடு என்று எழுதினாள். மணி மூன்று இருபது. சத்தம் காட்டாமல் இதைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். நாளையிலிருந்து எதுவும் தொங்காது. ‘அக்கா இப்போது கவனமாக இருக்கிறார்’ என்று டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் வேலையும் தப்பும், இவள் பேரும் தப்பும். இந்த யோசனையோடு நடைவழியில் நாலு தடவை போய் வந்தாள். முகம் கழுவினாள். கண்ணாடியில் தன்னைப் பார்க்கப் பிடிக்காமல், ஈர முகத்தோடு டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள்.

“மேடம், தப்பு அக்கா மேல இல்ல. என் மேலதான்.”

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நல்லா யோசிச்சுதான் சொல்றியா?”

“நல்லா யோசிக்காமத்தான் அன்னிக்கு மெயில் போட்டேன், மேடம்.”

இரண்டு பேரும் கூடத்துக்கு வந்தார்கள். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார், வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“புதுசா திருத்தினதைச் சரிபார்க்கணும்க்கா. ரெண்டையும் ஒண்ணா போடுங்களேன்” என்றாள் இவள்.

அக்கா ஒரு குழாயை வைத்தார். பொத்தானை அமுக்கினார். பிறகு அடுத்ததை எடுத்து வைத்தார். “இனிமே இப்படித்தாம்மா. எதுக்கு வம்பு?”

 நிரலைத் திருத்தியாயிற்று, இதை எந்த வரியில் திருத்துவது? அந்த இரண்டும் முடிந்ததும் இவள் தானே இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தாள். இடது வைத்தபோது வலது சரிந்தது, வலது வைத்தபோது இடது பொத்தான் அமுங்கவில்லை. மூன்று தடவை முயன்றாள். மூன்றாவது தடவை குழாய் தரையில் உருண்டது.

“ஐயோ, தள்ளு!” என்றார் அக்கா. இரண்டு கையும் ஒன்றாகப் போயின, ஒன்றாக அமுக்கின.

நாலு நிமிஷம் மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள். பீப் ஒன்றாக அடித்தது. இரண்டு வரியும் பச்சையாயின. இவள் அழுதுவிட்டாள்.

அக்கா கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். “அழறதெல்லாம் அப்புறம். அன்னிக்குப் பதினாலு பேருக்கு ஒரு மெயில் போட்டியே, அதே பதினாலு பேருக்கு இன்னொண்ணு போடு. நான் இங்கதான் நிக்கிறேன்.”

இவள் ஸ்டூலில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். அக்கா பின்னால் நின்று வரிவரியாகப் படித்தார்.